துயரிடை எழுந்த இசை: வடதிருமுல்லைவாயிற் பதிகம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருமுல்லைவாயில். சீகாழிக்கு அணித்தாகக் கடற்கரையில் இதே பெயருடைய மற்றொரு திருப்பதி உண்மையின், அதனைத் தென்திருமுல்லைவாயில் என்றும் இதனை வடதிருமுல்லைவாயில் என்றும் வழங்குவர். இன்று தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கிச் சூழ்ந்துள்ள இவ்வூர், பண்டு செந்நெற் கழனிகளும் பூம்பொழில்களும் சூழ விளங்கியது. அவ்விளக்கத்திற்குச் சான்றாய் நிற்பது சுந்தரமூர்த்தி நாயனார் இங்குப் பாடியருளிய திருப்பதிகம் ஒன்றேயாகும்.

இப்பதிகம் கண்ணிழந்த நிலையில் பாடப்பெற்றது. பாடல்தோறும் தம் துயரைக் களையுமாறு இறைவனை வேண்டும் முறையீட்டோடு முடிவது. ஆதலின் இதனைத் துன்பப் பாட்டு என்று கூறி அமைவதே பெரும்பான்மை வழக்கமாக உள்ளது. ஆயின், இதனை ஊன்றிப் பயில்வார்க்கு ஒரு வியப்புத் தோன்றாமற் போகாது. துயரையே பாடவந்த இப்பதிகத்தில் ஆடல் உண்டு. வண்டின் பாடல் உண்டு. ஆற்றின் செல்வம் உண்டு. வேறொருவன் பெற்ற எல்லையற்ற இன்பமும் உண்டு. கண்ணிழந்தார் ஒருவர் இவற்றையெல்லாம் பாடியது ஏன்? இவ்வினாவிற்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இசை துன்பத்தை மறப்பிக்கும் மயக்கம் என்பாரும், சுந்தரர் இன்ப வாழ்வினர் ஆதலின் அவர் வாக்கில் துயரின் ஆழம் இல்லை என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பது இவ்வாராய்ச்சியால் விளங்கும் என யாம் கருதுகின்றோம்.

பயணத்தின் காரணம்

வரலாற்றை முதற்கண் சுருங்கக் காண்போம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரியேன் என்று மகிழ மரத்தின் கீழ்ச் சூளுற்றார். பின்னர் அச்சூளுறவைக் கடந்து திருவாரூர் செல்லப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இருகண்ணும் ஒளி இழந்தன. இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்த சேக்கிழார், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரினர். அவ்வூர் பூந்தமல்லியை அடுத்துள்ளது. ஒற்றியூரிலிருந்து மேற்கு நோக்கி முல்லைவாயில், வெண்பாக்கம், பழையனூர் ஆலங்காடு, காஞ்சி எனச் செல்லும் இவ்வழி அவர் பிறந்த நாட்டு வழியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சூளுறவைக் கடக்குமாறு சுந்தரரைத் தூண்டியது யாது? தென்றல் வந்து வீசிய பொழுதில் திருவாரூர் வசந்த விழா அவர் நினைவிற்கு வந்தது என்கிறார் சேக்கிழார். வீதிவிடங்கப் பெருமானின் திருவோலக்கத்தில் பரவையார் பாடுதலையும் ஆடுதலையும் கண்ணெதிரே கண்டும் கேட்டும் நின்றார் போல அவர் எண்ணினார் என்பது புராணம் கூறும் செய்தி. பரவையார் ஆரூரில் உருத்திர கணிகையர் மரபில் தோன்றியவர். ஆடலும் பாடலும் அவர்தம் குலத்தொண்டு. ஆகவே, இப்பயணத்தின் வித்து ஆடல் பாடலைப் பற்றிய நினைவேயாம். ஆரூரைப் பிரிந்த ஏக்கத்தில் அந்நாளிற் பாடிய பதிகத்திலும், இறைவனை ஏழிசையாகவும் அவ்விசையின் பயனாகவும், தாம் செய்யும் குற்றங்களுக்கும் உடனிருக்கும் தோழனாகவும் போற்றுகின்றார் நாவலூரர். இசையே இறைவன் எனக் கொண்ட உள்ளம் இசையை நாடியே புறப்பட்டது. புறப்பட்ட இடத்திலேயே கண் பறிபோயிற்று. எஞ்சியது செவியும் நாவுமே.

அகச்சான்றுகள்

சுந்தரர் காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உளர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவராகக் கருதப்பெறும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இடையே மூன்று நான்கு நூற்றாண்டுகள் கழிந்தமையின், கண்ணிழந்த வரலாறு பின்னாளிற் புனையப்பட்டதோ என ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்தைப் பதிகங்களே நீக்குகின்றன.

ஒற்றியூர்ப் பதிகத்தில், முக்கண் உடையவனாகிய நீ அடியேனின் கண்ணைக் கொள்வதுதான் முறையெனில் ஊன்றுகோல் ஒன்றேனும் தருக என்று வேண்டுகின்றார். முல்லைவாயிற் பதிகத்தில், சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்ட செய்தியை வெளிப்படையாகவே குறிக்கின்றார். வெண்பாக்கப் பதிகத்தில், கோயிலினுள் இருக்கின்றாயோ என்று வினவியபோது, இறைவன் ஊன்றுகோல் ஒன்றை அளித்து, இருக்கின்றோம், நீர் போம் என அயலார் போல விடையிறுத்ததைக் கூறுகின்றார். காஞ்சி ஏகம்பப் பதிகம், இறைவனைக் காணத் தமக்குக் கண் கிடைத்தவாறு என்னே என்று வியக்கின்றது. ஆரூர்ப் பதிகத்தில், மற்றைக் கண்ணைத் தாராது விடின் நீரே வாழ்ந்து போம் என்று உரிமையோடு கடிந்து பேசுகின்றார்.

ஒற்றியூரிற் கேட்ட கோலை வெண்பாக்கத்திற் பெற்றதும், காஞ்சியில் ஒரு கண் பெற்றபின் ஆரூரில் மற்றைக் கண்ணைக் கேட்டதும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றன. புராண நிகழ்ச்சிகளின் விரிவு சேக்கிழாருடையதாகலாம். ஆயின், அவற்றின் அடிப்படை பாவலரின் சொந்த வாக்கிலேயே உள்ளது. எனவே, வடதிருமுல்லைவாயிற் பதிகத்தைக் கண்ணிழந்தார் ஒருவரின் பாட்டாகவே கொண்டு ஆராய்தல் ஏற்புடையது.

பதிகத்தின் அமைப்பு

இனி, பதிகத்தின் உள்ளே புகுவோம். இதன்கண் நான்கு செய்திகள் தனித்து நோக்கத்தக்கன.

முதலாவது, தலத்தின் வருணனை. பொறிவண்டுகள் பாட, தாமரைத் தவிசில் உறங்கிய நண்டு விழித்து உலவும் சேற்று வயல்களைப் பாடுகின்றார் சுந்தரர். சந்தனமும் அகிலும் மயிற்பீலியும் யானைத் தந்தமும் முத்தும் பவளமும் சுமந்து இழியும் பாலியாற்றின் வடகரையில் முல்லைவாயில் உள்ளது என்கின்றார். பாலி என்பது பாலாறு. இன்று பாலாறு இவ்வூருக்குத் தெற்கே நெடுந்தொலைவில் ஓடுகின்றது; அவ்வாறு ஒரு காலத்தில் வடக்கே ஓடிப் பின் திசை மாறியது என்னும் கருத்திற்கு இப்பாடலை ஆராய்ச்சியாளர் சான்று காட்டுவர். வருணனையில் மரபு வழிப்பட்ட கூறுகள் உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், மரபேயாயினும் அதனை இந்நிலையிற் கையாண்டவர் கண்ணில்லாதவர். காண இயலாத வயலையும் ஆற்றையும் அவர் தம் பாட்டிலிருந்து விலக்கிவிடவில்லை. வண்டின் இசையை முன்வைத்து அதன்வழி வயலைக் காட்டுதல், செவியை வழியாகக் கொண்டு உலகினுள் மீண்டும் புகுந்தார் ஒருவரின் செயலாகத் தோன்றுகின்றது.

இரண்டாவது, ஆடல் பற்றிய குறிப்பு. கொடியிடை உமையவள் காண, இலயமும் சதியும் பிழையாது ஆடிய அழகன் என இறைவனை விளிக்கின்றார். இத்தலத்து இறைவியின் பெயர் கொடியிடை நாயகி என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இலயம், சதி என்பன கூத்தநூல் வழக்குச் சொற்கள். கூத்தும் தாளமும் பற்றிய நுண்ணறிவு அக்காலப் பாவலரிடத்து நிலவியதற்கு இவ்விடம் சான்றாகும். அதனினும் சிறப்பு ஒன்று உண்டு. அதே பாடலில், எங்கு இருக்கின்றாய் என்று வானோர் இறைவனைத் தேடியதாகவும் கூறப்படுகின்றது. காண்பவள் ஒருத்தி, காணாது தேடுவோர் பலர். தாமும் தேடுவோரின் வரிசையில் நின்றே சுந்தரர் அவ்வாடலைப் பாடுகின்றார். ஆடலின் வடிவைக் காணுதற்குக் கண் வேண்டும். தாளத்தை உணர்தற்குக் கண் வேண்டுவதில்லை. அவர் தேர்ந்தெடுத்துப் பாடியது தாளம் பிழையாமையையே என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, தொண்டைமான் வரலாறு. படையெடுத்துச் சென்ற தொண்டைமானின் யானை முல்லைக்கொடிகளால் பிணிப்புண்டு நின்றது. அவன் எல்லையற்ற இன்பம் பெறுமாறு இறைவன் வெளிப்பட்டான் என்பது இத்தலத்தின் பழைய வரலாறு. இதனைக் கூறும் மிகப் பழைய சான்று இப்பதிகமே. ஈண்டு நாம் நோக்குவது, தம் துயரைக் கூறவந்தவர் பிறன் ஒருவன் பெற்ற இன்பத்தை அழுக்காறின்றிப் பாடிய பெற்றியாகும். கொடி தடுத்து நிறுத்தியதே தொண்டைமானுக்குக் காட்சியாய் முடிந்தது. தடையே காட்சிக்கு வாயிலாகும் என்னும் நம்பிக்கை, வழியில் தடைப்பட்டு நின்ற சுந்தரர்க்கு இவ்வரலாற்றால் உறுதிப்பட்டிருத்தல் கூடும்.

நான்காவது, முடிவுப் பாடல். முதற் பத்துப் பாடல்களும் துயர் களைய வேண்டும் முறையீட்டோடு முடிய, இறுதிப் பாடல் மட்டும் அம்முறையீட்டை விட்டு நீங்குகின்றது. இப்பாமாலையை உள்ளங் குளிர்ந்து பாடுவோர் நரையும் மூப்பும் துன்பமும் இன்றி வாழ்வர் என்கின்றார். பாடியவர்க்கு அவ்வேளையில் கண் வரவில்லை, துயர் தீரவில்லை. அங்ஙனமாகவும், பின்வந்து பாடுவோர் உள்ளங் குளிரும் என்று அவர் உறுதி கூறுகின்றார். திருக்கடைக்காப்பின் மரபு இது எனக் கூறிக் கடந்து செல்லலாகாது. தன் துயரைப் பலரும் பாடி மகிழும் பொருளாக மாற்றித் தருதலே இசையின் ஆற்றல் என்பதை இப்பாடலைப் போல் தெளிவுறக் காட்டும் இடம் சுந்தரர் பதிகங்களிற் பிறிதொன்று இருப்பதாக யாம் கருதவில்லை.

பண் அமைதி

இப்பதிகங்களின் பண்களை நோக்கினும் ஓர் உண்மை புலனாகின்றது. கண் இழந்தபோது பாடிய ஒற்றியூர்ப் பதிகம் தக்கேசிப் பண்ணில் அமைந்தது. முறையிட்டுப் பாடிய முல்லைவாயிற் பதிகமும் தக்கேசி. ஒரு கண் பெற்று மகிழ்ந்து பாடிய ஏகம்பப் பதிகமும் தக்கேசியே. வெண்பாக்கத்திற்குச் சீகாமரமும், ஆலங்காட்டிற்குப் பழம்பஞ்சுரமும், உடற்பிணி நீங்கிய திருத்துருத்திக்குக் காந்தாரமும் அமைந்துள்ளன. மற்றைக் கண்ணும் பெற்ற ஆரூர்ப் பதிகம் செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் இப்பண்ணில் அமைந்த பதிகம் இஃதொன்றே. இக்கால ஓதுவார் மரபில் தக்கேசியைக் காம்போதியிலும், சீகாமரத்தை நாதநாமக்கிரியையிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், காந்தாரத்தை நவரோசிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுவர்.

இழப்பு, முறையீடு, பேறு ஆகிய மூன்றும் ஒரே பண்ணில் நிற்றல் கருதத்தக்கது. துன்பத்திற்கு ஒரு பண், இன்பத்திற்கு வேறொரு பண் எனப் பகுத்துக்கொள்ளும் எளிய கொள்கை ஈண்டுச் செல்லாது. பாடுவோனின் நிலை மாறுகின்றது, பண் மாறவில்லை. துயரத்திற் பற்றிக்கொண்ட அதே பண்ணே மகிழ்ச்சிக்கும் கொண்டு சேர்க்கின்றது. ஆயினும், இதனைப் பாவலரின் திட்டம் எனத் துணிந்து கூறுதல் மிகையாகும். பண்ணடைவு பிற்காலத்தில் ஒழுங்கு செய்யப்பெற்றது என்பதைத் திருமுறை கண்ட வரலாறு உணர்த்துகின்றது. அவ்வரலாற்றின்படி, பண்கள் மறைந்த நிலையில் அவற்றை மீட்டுத் தந்தவர், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர். கோயிலுக்குப் புறத்தே நிற்குமாறு விதிக்கப்பட்ட பாணர் குலத்தின் பெண் ஒருவரே தேவார இசையை அழியாது காத்தவர் என்பது சைவ மரபே ஒப்புக்கொண்ட செய்தியாகும்.

ஆலங்காட்டின் முழக்கம்

முல்லைவாயிலுக்குப் பின் சுந்தரர் சென்ற வெண்பாக்கம், பூண்டி நீர்த்தேக்கம் அமைந்த பகுதியில் இருந்தது. 1944-இல் திறக்கப்பெற்ற அந்நீர்த்தேக்கத்தால் பழைய கோயில் நிலம் நீருள் மூழ்க, கோயில் வேறிடத்தில் எழுப்பப்பெற்றது. அடுத்து அவர் அணைந்தது ஆலங்காடு. அவர்க்கு முன்னரே காரைக்காலம்மையார் இறைவனின் கூத்தைப் பாடிய இடம் அது. அம்மையாரின் ஆலங்காட்டுப் பதிகங்கள் இரண்டனுள் ஒன்றில் ஏழிசைகளின் தமிழ்ப் பெயர்களும், சச்சரி, கொக்கரை, தக்கை, வீணை, தமருகம், குடமுழா, மொந்தை முதலிய கருவிகளும் நிரல்படக் கூறப்பட்டுள்ளன. அவை ஒலித்த இடம் அரண்மனை அன்று, சுடுகாடு. எல்லாம் இழந்த இடத்தில் ஏழிசையும் முழங்கும் என்பது தொண்டைநாட்டுப் பத்திப் பாடலின் தொன்மையான உணர்வு. கோல் ஊன்றி வந்த சுந்தரர் அவ்வுணர்வின் மரபிலேயே நடந்தார் எனல் பொருந்தும்.

கல்வெட்டுச் சான்றுகள்

தனியொருவரின் பாட்டு நாட்டின் பொதுச் செல்வமாகியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விசய நந்திவிக்கிரமவர்மனின் பதினேழாம் ஆட்சியாண்டுத் திருவல்லக் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் அமைத்ததைக் கூறும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். அக்கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளும் அமர்த்தப்பெற்றனர்.

இவற்றினும் நம் பொருளுக்கு அணுக்கமானது திருவாமாத்தூரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டாகும். அக்கோயிலில் திருப்பதியம் பாடக் கண்ணிலார் 16 பேரும், அவர்களுக்கு வழிகாட்ட இருவரும் அமர்த்தப்பெற்ற செய்தியை அது தெரிவிக்கின்றது. கண்ணிலார்க்கு உணவளித்தல் அறம். ஆயின், அவர்களைப் பாடுவோராக அமர்த்துதல் அறத்தினும் மேம்பட்டது. இரந்துண்ணும் நிலையினின்று தொழிலுடைய நிலைக்கு அவர்களை உயர்த்தியது இசை. அவர்கள் பாடியவற்றுள் முல்லைவாயிற் பதிகமும் இருந்திருப்பின், தம்மைப் போன்றார் ஒருவரின் வாக்கையே அவர்கள் பாடினர் என்பதை எண்ண உள்ளம் நெகிழ்கின்றது.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகள் இரண்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கன. இரண்டாம் இராசாதிராசனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது மகிழ மரத்தின் கீழ் ஆளுடைய நம்பி சீபுராணம் படிக்கப்பெற, அரசன் உடனிருந்து கேட்டான் என்கிறது ஒன்று. ஆளுடைய நம்பி என்பார் சுந்தரரே. சூளுறவு நிகழ்ந்ததாகக் கூறப்படும் மரத்தடியிலேயே அச்சூளுறவைக் கடந்தவரின் வரலாறு படிக்கப்பெற்றது. மற்றொன்று, மூன்றாம் இராசராசனின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டினது. உறவாக்கின தலைக்கோலி என்னும் ஆடல் மகள் அகமார்க்கம் பாட, அரசன் அமர்ந்து கேட்டு, மணலியில் 60 வேலி நிலத்தை அவள் பெயரால் அமைத்தான் என்று அது கூறும். ஒற்றியூர் மண்டபத்தில் ஆடலும் பாடலும் பெற்றிருந்த மதிப்பிற்கு இவை போதிய சான்றுகளாம்.

சங்கிலியார்

இவ்விடத்து ஒரு கடப்பாடு நமக்கு உண்டு. சுந்தரர் இழந்த கண்ணைப் பற்றி இத்துணையும் பேசினோம்; பிரிவுற்ற சங்கிலியாரின் துயர் யாது? அவர் பாடியதாக ஒரு பாடலும் நமக்கு வந்திலது. சுந்தரர்க்குத் துயரைத் தாங்கப் பதிகம் இருந்தது. சங்கிலியார்க்கு என்ன இருந்தது என்பதை நூல்கள் கூறவில்லை. ஆதலின், இசையால் துயர் கடந்த வரலாறு எனப் புகழுங்கால், அவ்விசை எவர் வாய்க்குக் கிடைத்தது, எவர் வாய்க்குக் கிடைக்கவில்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் உடன் எண்ணுதல் வேண்டும். சுந்தரரும் தம் குற்றத்தை மறைத்தார் அல்லர். பிழை செய்தாலும் இறைவன் பொறுப்பான் என்று கருதிப் பிழைத்தேன் என வெண்பாக்கத்தில் ஒப்புக்கொள்கின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாத பாட்டு ஆற்றுதல் தராது என்பதையும் இப்பதிகங்கள் உணர்த்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சுந்தரர் கண்ணிழந்த வரலாறு பதிகங்களின் அகச்சான்று உடையது. வடதிருமுல்லைவாயிற் பதிகம் வெறும் புலம்பல் அன்று. துயரைத் துயர் என்றே கூறி, அதனூடே ஆடலையும் இசையையும் நிலவளத்தையும் பிறர் இன்பத்தையும் ஒருங்கு ஏற்றுப் பாடியது. இழப்பிலும் பேற்றிலும் ஒரே பண் நின்றமை, இசை துன்பத்தை மறப்பிக்கும் மயக்கம் அன்று, துன்பத்தினூடே நடத்திச் செல்லும் துணை என்பதைக் காட்டும். அத்துணையைப் பிற்காலத்தார் நிவந்தங்களால் நிலைபெறுத்தினர். திருவாமாத்தூர்க் கண்ணிலார் அதனால் வாழ்வு பெற்றனர்.

1943-இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்துள்ள பண்ணாராய்ச்சிக் கூட்டங்களால் பண்களின் இலக்கணம் பெரிதும் விளக்கம் பெற்றுள்ளது. பண்ணின் இலக்கணத்தோடு, அப்பண் பாடப்பெற்ற வாழ்வின் நிலையையும் இணைத்து ஆராய்தல் இனி நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். வெண்பாக்கத்தில் கோல் கிடைக்கும் முன்னரே முல்லைவாயிலில் பாட்டு எழுந்துவிட்டது. கண்ணிழந்த பாவலர்க்கு முதலில் வாய்த்த ஊன்றுகோல் அப்பாட்டே எனின் அது மிகையாகாது.